மரச்சீனி, நாற்பத்தேழு விநாடி

எங்கள் ஸ்டுடியோவில் இசைத் துண்டுகளுக்குப் பலகாரப் பெயர்தான் வைப்போம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பின்னால் வரும் கூத்து புரியாது.

ஒரு படத்துக்குப் பின்னணி இசையை நாற்பது ஐம்பது துண்டுகளாகப் பிரித்துத்தான் போடுவார்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கியூ என்று பெயர். கதவு திறக்கிற பன்னிரண்டு விநாடிக்கு ஒரு கியூ, மலை இடிந்து விழுகிற மூன்று நிமிடத்துக்கு ஒரு கியூ. மற்ற ஸ்டுடியோக்களில் இவற்றுக்கு எண் கொடுப்பார்கள். நாங்களும் கொடுத்துப் பார்த்தோம். இயக்குநர் படத்தை வெட்டி ஒட்டி, வெட்டி ஒட்டி, மூன்றாம் எண் பதினேழாம் எண்ணுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. வெறுத்துப்போன எங்கள் இசையமைப்பாளர், அன்றன்றைக்குச் சாயாவோடு எதைக் கடித்தோமோ அதையே அன்று முடித்த கியூவுக்குப் பெயராக வைக்க ஆரம்பித்தார். எண் மறந்தாலும் தின்றது மறக்காது என்பது அவர் கட்சி. அப்படித்தான் கதாநாயகனும் மனைவியும் சண்டை போடும் கியூவுக்கு உள்ளிவடை என்றும், குழந்தை தூங்கும் கியூவுக்குப் பழம்பொரி என்றும் பெயர் விழுந்தது.

அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். தெற்கே மலையாள எல்லைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம். சர்ச்சில் ஆர்மோனியம் வாசித்து ஆரம்பித்தவர். பேசுவது தமிழா மலையாளமா என்று அவருக்கே நிச்சயம் கிடையாது. கழக்கூட்டத்தில் ஐ.டி. ஹாஸ்டல்களுக்குப் பின்னால் ஒரு வீட்டு மாடியில் அவருடைய ஸ்டுடியோ. நான் அவருடைய உதவியாளர். அதற்கு முன்னால் ஐந்து வருஷம் அதே கழக்கூட்டத்தில் ஒரு கம்பெனியில் மென்பொருளில் பிழை கண்டுபிடிக்கும் வேலை பார்த்தேன். பஸ்ஸும் அதேதான், இறங்கும் ஸ்டாப்பும் அதேதான். முன்பெல்லாம் இறங்கி வலது பக்கம் திரும்புவேன், இப்போது இடது பக்கம்.

இந்த இடது பக்கம் அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவுக்குச் சாலைக் கடைத்தெருவில் கயிற்றுக் கடை. நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து போட்ட கடை. கிணற்றுக் கயிறு, பந்தல் கயிறு, மாட்டுக் கயிறு, நைலான் கயிறு என்று சுருள் சுருளாகத் தொங்கும். ஒவ்வொரு சுருளிலும் ஓர் அட்டை கட்டியிருப்பார். சரக்கின் பெயர், பருமன், நீளம், எந்த ஊர் ஆள் திரித்தது என்பது வரைக்கும் அவர் கையெழுத்தில் இருக்கும். அட்டை இல்லாத சுருளை அவர் கடையில் பார்க்க முடியாது. “பேரில்லாத சரக்கு வெலை போவாது மக்ளே” என்பார்.

நான் கம்பெனி வேலையை விட்டபோது அவர் சண்டை போடவில்லை. ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

“செரி, போ. ஒம் பேர எதுலயாவது ஒரு எடத்துல எனக்குக் காட்டு. அதுக்குப் பிறவு நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

மூன்று வருஷமாக அவர் வாய் திறந்தபடியே இருந்தது. தினமும் கேட்பார். கோபத்தோடு அல்ல, சிரித்துக்கொண்டேதான். அந்தச் சிரிப்புத்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் அந்தப் படம் வந்தது. வித்துராவிலிருந்து மலைக்குப் போகும் பஸ் ஒன்று மழையில் மண்சரிவுக்கு நடுவில் மாட்டிக்கொள்கிறது. முன்னாலும் போக முடியாது, பின்னாலும் வர முடியாது. கண்டக்டர்தான் கதாநாயகன். மலை இடிந்த பிறகு அவர் பஸ்ஸுக்குள் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வருவார். எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். காட்சி நாற்பத்தேழு விநாடி. அந்த இடத்துக்கான கியூவை நான் போட்டேன்.

போட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அண்ணனுடைய கடவாய்ப் பல்லுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். அன்று அவர் பல் டாக்டரிடம் வாயைத் திறந்து படுத்திருந்தார். மறுநாள் எல்லாக் கியூவும் ஒலிக்கலவைக்குப் போயாக வேண்டும். இயக்குநர் கீழே முற்றத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். நான் சின்ன வயதிலிருந்து வாசித்துவரும் என் வீணையை எடுத்து வைத்துக்கொண்டு காட்சியை இருபது தடவை ஓடவிட்டுப் பார்த்தேன். அதற்கு முந்தின வாரம் முழுக்க அண்ணன் போட்ட மலைச்சரிவு கியூவைக் கேட்டுக் கேட்டுக் காது அதிலேயே ஊறிக் கிடந்தது. அது கடைசியில் எந்தச் சுருதியில் போய் நிற்குமோ அதிலேயே என் கை விழுந்தது. கண்டக்டர் ஒரு தலையைத் தொட்டால் ஒரு ஸ்வரம். அவ்வளவுதான் கற்பனை. வெளியே நல்ல மழை. தகர ஷீட்டில் விழுகிற சத்தம் மைக்கில் ஏறிவிட்டது. படத்திலும் மழைதானே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

அண்ணன் வீங்கின கன்னத்தோடு வந்து கேட்டார். வாய் மரத்துப்போய்ப் பேச்சு வரவில்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். அன்றைய பலகாரம், அண்ணி அவித்துக் கொடுத்தனுப்பிய மரவள்ளிக்கிழங்கும் காந்தாரி மிளகாய்ச் சம்மந்தித் துவையலும். மரவள்ளியை எங்கள் பக்கத்தில் மரச்சீனி என்போம். அவரால் மெல்ல முடியவில்லை என்பதால் அவர் பங்கையும் நானே தின்றேன். கியூவுக்கு மரச்சீனி என்று பெயர் விழுந்தது.

படம் வெளியான வாரம் அப்பாவைத் தம்பானூரில் தியேட்டருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். படத்தில் கண்டக்டர் வாய்விட்டு எண்ணுகிறார். கூடவே மழைச் சத்தம், பின் சீட்டில் குழந்தை அழுகிற சத்தம். என் வீணை எங்கோ பாதாளத்தில் கேட்டது. கடைசியில் ஓடுகிற பெயர்ப் பட்டியலில் என் பெயர் சாப்பாடு சப்ளை செய்தவர்களுக்கு இரண்டு வரி மேலே வரும். அதற்குள் தியேட்டரே எழுந்துவிட்டது.

“எங்க, எங்க?” என்று அப்பா எட்டி எட்டிப் பார்த்தார். “முன்னால இருந்த தடியன் எழும்பிட்டான் மக்ளே. அவன் முதுகுதான் தெரிஞ்சது.”

“வீணையாவது கேட்டீங்களா?”

“எப்போ?” என்றார்.



இரண்டு வாரம் கழித்து, பாட்டுகளை இணையத்தில் வெளியிடும் கம்பெனி ஒன்று அந்தப் படத்தின் பின்னணி இசையை ஆல்பமாகக் கேட்டது. அண்ணன் அடுத்த படத்தில் மூழ்கியிருந்தார்.

“ஆல்பம் நீ கட்டு தங்கச்சி” என்றார். “ஒன் மரச்சீனிய தனி டிராக்கா போடு. பேரு ஒன் பேருதான். நான் கம்பெனியில பறஞ்சு வச்சிருக்கேன், கேட்டோ.”

அன்று சாயங்காலமே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாம். ஆக்கப் பொறுத்தவளுக்கு ஆறப் பொறுக்கவில்லை. மறுநாள் காலை கடைத்தெருவுக்கே விஷயம் தெரிந்திருந்தது. பக்கத்துப் பாத்திரக் கடை அண்ணாச்சி என்னை வழிமறித்து, “ஒம் பாட்டு வருதாமே, ஆடுகது எந்த நடிகை?” என்று கேட்டார். ஆட்டமெல்லாம் இல்லை, நாற்பத்தேழு விநாடி வீணை என்றேன். “அப்போ ஆட நேரம் இருக்காது” என்று அவரே சமாதானமாகிப் போனார்.

நாற்பத்தொரு கியூக்கள் இருந்தன. பத்துப் பதினொரு டிராக்காகச் சேர்த்துக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். பன்னிரண்டு விநாடித் துண்டுகளாக அனுப்பினால் கேட்கிறவர்கள் போன் கெட்டுவிட்டது என்று நினைப்பார்களாம். இது ஒரு வாரத்து வேலை என்று நினைத்தேன். ஆட்களை வரிசையாக நிறுத்துவதுதானே!

முதலில் படத்தில் வருகிற வரிசையிலேயே அடுக்கினேன். கேட்டுப் பார்த்தால் சகிக்கவில்லை. படத்தில் ஒரு பயத்துக்கும் அடுத்த பயத்துக்கும் நடுவில் ஆட்கள் பேசுகிறார்கள், பீடி பற்றவைக்கிறார்கள். அதையெல்லாம் எடுத்துவிட்டால் மூன்று பயக் கியூக்களும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. மலையாளச் சத்யை விருந்தில் பருப்பையும் சாம்பாரையும் விட்டுவிட்டு ரசத்தையே மூன்று தடவை ஊற்றியதுபோல் இருந்தது. சரி, ஒரே ஜாதி உணர்ச்சிகளை ஒன்றாகச் சேர்ப்போம் என்று சோகத்தையெல்லாம் ஒரு பக்கம், சந்தோஷத்தையெல்லாம் ஒரு பக்கம் வைத்தேன். அண்ணன் நாலாவது டிராக்கில் ஹெட்போனைக் கழற்றினார்.

“ஆரு செத்துப்போனா தங்கச்சி?”

இதற்கு நடுவில், அவசரத்தில் அந்தப் பட்டியலை அப்படியே கம்பெனிக்கும் அனுப்பித் தொலைத்திருந்தேன். கொச்சியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். படம் பஸ்ஸைப் பற்றியது என்றல்லவா சொன்னார்கள், இது சமையல் படமா என்று கேட்டாள். ஐந்தாவது டிராக்கின் பெயர் ‘பரோட்டா ரெண்டு, சால்னா தனியாக’ என்று இருந்தது. அன்றைக்கு நிஜமாகவே பசி. நான் தட்டுத்தடுமாறி விளக்கம் சொன்னேன். அவள் அடக்க முடியாமல் சிரித்தாள். பிறகு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் இந்த மாதிரிப் பட்டியல் அனுப்பாதீங்க சேச்சி என்றாள். கம்பெனியே எல்லாவற்றுக்கும் மரியாதையான பெயர் வைத்துக்கொள்ளும் என்று முடிவாயிற்று. போனை வைக்கும் முன் ஒரு விஷயம் சொன்னாள். ஒரு டிராக்குக்கு முகப்பில் ஒரே ஒரு இசையமைப்பாளர் பெயர்தான் வரும். கூட உழைத்தவர்கள் பெயர்கள் உள்ளே ஒரு பக்கத்தில் இருக்கும். மூன்று இடத்தில் தட்டினால்தான் அந்தப் பக்கம் திறக்கும். என்னுடையது தனி டிராக் அல்லவா, எனக்கென்ன கவலை என்று இருந்துவிட்டேன்.

மூன்றாவது தடவை கதையை மறந்துவிட்டு வேலை பார்த்தேன். ஒவ்வொரு கியூவும் எப்படி முடிகிறது, இன்னொன்று எப்படித் தொடங்குகிறது என்பதை மட்டும் கேட்டேன். புல்லாங்குழலில் முடிவது ஒன்று, புல்லாங்குழலில் ஆரம்பிப்பது இன்னொன்று. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே மூச்சாகிவிடுகிறது. நாதியில்லாமல் கிடந்த அந்தப் பன்னிரண்டு விநாடிக் கதவு கியூ, உள்ளிவடைச் சண்டைக்கும் பழம்பொரித் தூக்கத்துக்கும் நடுவில் அழகாகப் போய் உட்கார்ந்தது. படத்தில் ஒன்றையொன்று கண்ணாலும் பார்த்திராத கியூக்கள் இங்கே அடுத்தடுத்த வீட்டில் குடியேறின. ஒரு டிராக்குக்கும் அடுத்ததற்கும் இடையில் எத்தனை விநாடி மௌனம் விடுவது என்பதற்கு அண்ணனும் நானும் ஒரு மத்தியானம் முழுக்கச் சண்டை போட்டோம். அவர் ஒன்றரை என்றார், நான் இரண்டு என்றேன். அரை விநாடிக்காக அன்று சாயா ஆறிப்போயிற்று.

எனக்குப் பரிசோதனைக்கூடம் பஸ்தான். முந்தின நாள் அடுக்கினதைப் போனில் ஏற்றிக்கொண்டு, தம்பானூரில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கழக்கூட்டம் வரைக்கும் கேட்பேன். எந்த இடத்தில் மனசு ‘நாளைக்குச் சட்டினிக்குத் தேங்காய் இருக்கிறதா’ என்று போகிறதோ, அந்த இடத்தில் வரிசை சரியில்லை என்று அர்த்தம். பிழை பார்க்கும் வேலையில் ஐந்து வருஷம் கற்றதெல்லாம் வீண்போகவில்லை.

பத்து டிராக் சரியாக வந்துவிட்டன. மரச்சீனி மட்டும் எங்கே வைத்தாலும் நிற்கவில்லை. நடுவில் வைத்தால், வந்த சுவடு தெரிவதற்குள் போய்விடுகிறது. முதலில் வைத்தால் யாரோ வீணைக்குச் சுருதி சேர்க்கிறார்கள் என்று தோன்றுகிறது. கடைசியில் வைத்துப் பார்த்தேன். எல்லோரும் இலையை மடித்த பிறகு பாயசம் வந்ததுபோல் இருந்தது. இரண்டு தடவை வாசிப்பதுபோல் நீட்டிப் பார்த்தேன். கண்டக்டர் எல்லோரையும் மறுபடி எண்ணுவதுபோல் அபத்தமாக ஆகிவிட்டது. அண்ணனிடம் காட்டினால், “நல்லாத்தான் இருக்கு” என்றபடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் பொய் சொல்லும்போது கண்ணாடி துடைப்பார். தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாது, எனக்குத் தெரியும்.

ஒரு சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவசர அவசரமாக மரச்சீனியை இழுத்து மலைச்சரிவுக்குப் பின்னால் போட்டுவிட்டு, அப்படியே போனில் ஏற்றிக்கொண்டு ஓடினேன். மறுநாள் காலை பஸ்ஸில் கேட்கிறேன். மலை இடிகிறது. செண்டைகள் எல்லாம் ஒரே அடியில் நிற்கின்றன. அடியில் ஒரு தந்தி மட்டும் ரீங்காரமாக நீளுகிறது. அது முழுக்க அடங்குவதற்குள், அதற்குள்ளேயே, தகரத்தில் மழை விழுகிற சத்தம் கேட்டது. என் மழை. பிறகு என் வீணையின் முதல் ஸ்வரம் அதே சுருதியில் எழுந்தது. நேற்று அவசரத்தில் இழுத்துப் போட்டபோது ஒன்றின் வால் மேல் இன்னொன்றின் தலை ஏறிவிட்டிருக்கிறது. படத்தில் இந்த இரண்டு கியூவுக்கும் நடுவில் ஆறு நிமிடக் கதை இருந்தது. இங்கே மலை இடிந்த கையோடு ஆட்களை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். 

தலை நிமிர்ந்து பார்த்தால் பஸ் கணியாபுரத்தில் நிற்கிறது. கழக்கூட்டம் எப்போது வந்தது, எப்போது போனது, ஒன்றும் தெரியாது. ஐந்தும் மூன்றும் எட்டு வருஷத்தில் நான் ஸ்டாப்பை விட்டது அந்த ஒரு தடவைதான்.

எதிர்ப் பக்கம் நின்று திரும்பி வரும் பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போதுதான் சந்தோஷம் வடிந்தது. இரண்டும் ஒட்டினால் ஒரே டிராக். ஒரே டிராக் என்றால் முகப்பில் ஒரே பெயர். மூன்று நிமிட மலை அண்ணனுடையது, நாற்பத்தேழு விநாடி என்னுடையது. யார் பெயர் வரும் என்று கேட்க வேண்டியதே இல்லை.

இரண்டு நாள் நான் மனுஷியாக இல்லை. வீட்டில் அம்மா தோசைக்குச் சட்டினியா பொடியா என்று கேட்டதற்குச் சீறி விழுந்தேன். அந்தப் பெயர் எனக்கு வேண்டியிருந்தது, மறைப்பானேன். அதனால் எல்லாத் தகிடுதத்தமும் செய்து பார்த்தேன். ரீங்காரத்தை மட்டும் வெட்டி என் டிராக்கின் தலையில் ஒட்டினேன். மலை இடியாமல் ரீங்காரம் மட்டும் வந்தால் கொசு சத்தம்போல் இருந்தது. இரண்டு டிராக்காகவே வைத்து நடுவில் இடைவெளியே இல்லாமல் அனுப்பலாம் என்றால், போன் ஒன்றை விட்டு அடுத்ததைத் தொடும்போது ஒரு விக்கல் விக்கிற்று. அந்த விக்கல் சரியாக என் முதல் ஸ்வரத்தின் மேலேயே விழுந்தது. கொச்சிப் பெண்ணைக் கூப்பிட்டு, முகப்பில் இரண்டு பெயர் போட முடியுமா என்று கேட்டேன். அவள் பாவம், மேலே கேட்டுப் பார்த்துவிட்டு, முடியாது சேச்சி என்றாள்.

இரண்டு வடிவத்தையும் அண்ணனுக்குப் போட்டுக் காட்டினேன். ஒட்டினதைக் கேட்டு முடித்ததும் அவர் கண்ணாடியைத் தொடவில்லை. 

“எனக்க மலைக்கு இப்பந்தான் ஒரு அர்த்தம் வந்திருக்கு” என்றார். பிறகு, “ஆனா ஒனக்க பேரு போவும். அப்பாட்ட நீ பறஞ்சும் போட்ட. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் தங்கச்சி. கட்டினது நீ. எத அனுப்பினாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன்” என்றார்.

இதைவிட அவர் திட்டியிருக்கலாம். ஒட்டினதை அனுப்பினேன். அனுப்பிவிட்டு மாடிப்படியில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் அழுதேன். அன்று பலகாரம் பழம்பொரி. அழுதுகொண்டே இரண்டு தின்றேன், நன்றாகத்தான் இருந்தது.

அப்பாவிடம் சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டதில் ஆல்பமே வந்துவிட்டது. அன்று மத்தியானம் ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனேன். அவர் எனக்கு முன்னாலேயே தயார். கல்லாப் பக்கத்தில் புதுசாக ஒரு சின்ன ஸ்பீக்கர். பாத்திரக் கடை அண்ணாச்சி ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஒன்பதாவது டிராக். முடிந்ததும் இரண்டாவது. அதன் பிறகு பத்தாவது.

“என்னப்பா இது?” என்று கத்திவிட்டேன். “வரிசையாப் போட மாட்டீங்களா?”

“அது அதுக்க இஷ்டத்துக்குப் பாடுகு மக்ளே. காசு கட்டலைன்னா கலச்சிப் போட்டுத்தான் தருமாம்.”

மூன்று வாரம். அரை விநாடிக்கு ஒரு மத்தியானம். அத்தனையையும் அந்த ஆப் சீட்டுக்கட்டைப்போல் கலைத்துப் போட்டுக்கொண்டிருந்தது. ஆல்பத்தைக் கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கேட்கப் போகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்பீக்கரை என் போனில் இணைத்து முதலிலிருந்து போட்டேன்.

ஏழாவது டிராக் வரும்போது அப்பா ஒருவருக்குக் கிணற்றுக் கயிறு அளந்துகொண்டிருந்தார். இரண்டு கையையும் விரித்து அளந்தால் ஒரு பாகம். அவருக்கு இருபது பாகம் வேண்டும். அப்பா போனில் சண்டை போட்டுக்கொண்டே அளப்பார், சாயாவுக்குச் சொல்லிக்கொண்டே அளப்பார், ஒரு நாளும் எண்ணிக்கை தவறினதில்லை. மலை இடிந்தது. அண்ணாச்சி நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். செண்டைகள் நின்றன. “பத்து” என்றார் அப்பா. தகரத்தில் மழை கேட்டது. “பதினொண்ணு.” வீணை தொடங்கியது.

விரித்த கை விரித்தபடியே நின்றது.

வீணை முடிகிற வரைக்கும் அவர் அசையவில்லை. கயிறு வாங்க வந்தவர், “பதினொண்ணா, பன்னெண்டா?” என்று கேட்டார். அப்பா கையிலிருந்த கயிற்றைப் புதுசாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். கீழே விட்டார். “ஒண்ணு” என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

கயிறு வாங்கியவர் போன பிறகு அப்பா என் பக்கம் திரும்பினார்.

“இதா?”

“இதுதான்.”

“தியேட்டர்ல இது இல்லியே.”

“இருந்தது. கண்டக்டர் சத்தமா எண்ணிட்டு இருந்தாரு.”

“செரி. பேரு எங்க போட்டிருக்கு?”

சொல்லிவிட்டேன். தனியாக நிற்காதது, கணியாபுரம் போனது, விக்கல் விழுந்தது, நானே ஒட்டி அனுப்பினது, எல்லாவற்றையும். அவர் முகம் சிவந்தது.

“ஒனக்கென்ன கோட்டியா? மூணு வருஷம் கெடந்து பாடுபட்டுட்டு, கைக்கு வந்த பேர நீயே அழிச்சிட்டு வந்து நிக்க!”

“தனியா வச்சா நல்லால்லப்பா.”

“நல்லால்லன்னா ஆருக்குத் தெரியப்போவுது?”

“எனக்குத் தெரியும்லா.”

அவர் ஸ்பீக்கர் பக்கம் வந்து நின்றார். “எங்க சேத்த? மறுபடி போடு” என்றார். போட்டேன். ஒட்டுப்போட்ட கயிற்றைப் புதுசு என்று யாராவது கொண்டுவந்தால், அப்பா கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே ஒட்டைப் பிடித்துவிடுவார். அன்றும் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஒட்டு அவருக்குப் பிடிபடவில்லை. “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு அட்டை வெட்டும் கத்தரிக்கோலைத் தேடப் போய்விட்டார்.

அன்று ராத்திரி இரண்டு தோசையோடு எழுந்துவிட்டார். கோபம்தான் என்று அம்மாவும் நானும் முடிவு கட்டினோம்.

சனிக்கிழமை சாப்பாட்டுத் தூக்கோடு கடைக்குப் போனேன். ஸ்பீக்கரின் கழுத்தில் சணலால் ஓர் அட்டை கட்டியிருந்தது. கயிற்றுச் சுருள்களில் தொங்கும் அதே அட்டை, அதே கையெழுத்து. சரக்கு: மரச்சீனி. பருமன்: வீணை. நீளம்: 47 செகண்டு. அதற்குக் கீழே, சரக்கைத் திரித்த ஆளின் பெயர் எழுதுகிற இடத்தில், இனிஷியலோடு என் பெயர்.  தூக்கைக் கல்லாவில் வைத்துவிட்டுக் கயிறுகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டேன்.

அப்போது ஒரு பெரியவர் உள்ளே வந்தார். அட்டையைக் குனிந்து படித்தார்.

“மரச்சீனி கிலோ என்ன வெல?”

“வெலயெல்லாம் கெடையாது வே, கேக்கத்தான்” என்றார் அப்பா, ஸ்பீக்கரைத் தட்டிக்கொண்டே. “மொதல்ல மலை இடியும். பயப்படாம நில்லும். அதுக்குப் பிறவுதான் எம் மக.”